மரணச் சான்றிதழும் ஒரு நல்ல நாளும்

"இஸ்லாத்தைத் தழுவிய பிரபலங்கள்" என்றொரு பட்டியல் நம்மவர் மத்தியில் நெடுநாளாக உலவி வருகிறது. முன்னர் அது ஜும்ஆவுக்குப் பின் கைமாறும் துண்டுப்பிரசுரமாக வந்தது. இப்போது கைப்பேசியில் வருகிறது. மல்கம் எக்ஸ், முஹம்மத் அலி, கெட் ஸ்டீவன்ஸ் என்று தொடங்கும் அவ்வரிசையின் கீழ்ப்பகுதியில் ஐஸ் கியூப் என்ற பெயரையும் கண்டேன். எனக்கு அதனை அனுப்பிவைத்த நண்பர் நல்ல கவிஞர். ஆனால் ஐஸ் கியூப்பின் ஒரு பாடலையேனும் அவர் கேட்டிருக்கமாட்டார் என்பது எனக்கு நிச்சயம். கேட்டிருந்தால் அனுப்பியிருக்கமாட்டார். நான் கேட்டிருக்கிறேன். அவ்வாறு கேட்டதன் சங்கடமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஐஸ் கியூப்பின் இயற்பெயர் ஓஷே ஜக்சன். 1969 ஜூன் 15இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தவர். அந்நகரின் சவுத் சென்ட்ரல் எனப்படும் கறுப்பர் குடியிருப்பில் வளர்ந்தவர். தந்தை பல்கலைக்கழகமொன்றில் இயந்திரவினைஞராகவும் தோட்டப் பராமரிப்பாளராகவும் வேலை செய்தார். தாய் வைத்தியசாலை ஊழியர். பேருந்தில் நெடுந்தூரம் சென்று, வெள்ளையர் அதிகம் வாழ்ந்த பகுதிப் பாடசாலையொன்றிலே படித்தார். தட்டச்சு வகுப்பில் நண்பனொருவனுடன் போட்டிக்கு எழுதியதே இவரது முதற்பாட்டு. பின்னர் அரிஸோனாவில் ஓராண்டு கட்டட வரைபடக்கலை பயின்றார். இந்த விபரங்களை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். 'கேங்ஸ்டா ராப்' எனப்படும் தெருச்சண்டியர் பாட்டின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் இவர் சண்டியராக இருந்தவரல்லர்; எழுத்தாளராக இருந்தவர். நமது அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று வகுப்பார்களே, அதுபோல இதனைச் 'சண்டியன் கூற்று' எனலாம். பேசுபவன் வேறு, எழுதுபவன் வேறு. ஆனால் அமெரிக்கப் பொலிஸாரும் பத்திரிகையாளரும் மட்டுமன்றி, ரசிகர்களிற் பெரும்பாலானோரும் அந்த வேறுபாட்டைக் கவனித்ததில்லை. கியூப்புக்கும் அது சில வேளைகளில் மறந்துபோயிற்று.

இந்த வகைப் பாட்டை அவர் தொடக்கிவைக்கவில்லை. பிலடெல்பியாவின் ஸ்கூலி டி 1985இலும், லொஸ் ஏஞ்சலிஸின் ஐஸ்-ரீ 1986இலும் அதற்கு வழி திறந்துவிட்டார்கள். கியூப், ஈஸி-ஈ, டொக்டர் ட்ரே, எம்.சி. ரென், டி.ஜே. யெல்லா ஆகியோர் சேர்ந்த என்.டபிள்யூ.ஏ. என்னும் குழுதான் 1988இல் 'ஸ்ட்ரெயிட் அவுட்டா கொம்ப்டன்' என்ற இசைத்தட்டின் மூலம் அதனை உலகறியச் செய்தது. குழுப் பெயரின் விரிவிலேயே கறுப்பரை இழித்துரைக்கும் சொல்லொன்று இருந்தது. அதை அவர்களே எடுத்துச் சூடிக்கொண்டார்கள். அந்த இசைத்தட்டின் வரிகளிற் பெரும்பங்கு கியூப்பினுடையது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

அந்த ஊரின் நிலைமையை அறியாமல் அந்தக் கோபத்தை விளங்கிக்கொள்ள முடியாது. சவுத் கேற் பகுதியில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் தொழிற்சாலை 1980இலும், ஜெனரல் மோட்டர்ஸ் கார்த் தொழிற்சாலை 1982இலும் மூடப்பட்டன. தந்தைமார் பார்த்த வேலை மகன்மாருக்கு இல்லாமற் போயிற்று. அந்த வெற்றிடத்தில் 'கிராக்' என்ற மலிவான கொக்கெயின் புகுந்தது. அதன் பின்னால் பொலிஸ் வந்தது. டேரில் கேற்ஸ் என்ற பொலிஸ் தலைவரின் கீழ் 1988 ஏப்ரலில் ஒரே வாரஇறுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் கைதாயினர். அதே ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி டால்டன் அவென்யூவில் எண்பதுக்கு மேற்பட்ட பொலிஸார் போதைப்பொருள் தேடுகிறோம் என்று குடியிருப்புகளுக்குள் நுழைந்து, சுவர்களையும் மலசலகூடங்களையும்கூட அடித்து நொறுக்கினர். பின்னர் நகரசபை பெருந்தொகை நட்டஈடு கொடுக்கவேண்டியதாயிற்று.

அந்த இசைத்தட்டில் பொலிஸாரை ஏசும் பாடல் ஒரு நீதிமன்ற நாடகமாக அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. டொக்டர் ட்ரே நீதிபதி. கியூப், ரென், ஈஸி மூவரும் சாட்சிகள். குற்றவாளிக் கூண்டிலே பொலிஸ். வாழ்நாள் முழுதும் கூண்டில் நின்றவர்கள் ஐந்து நிமிடங்களுக்கு நீதிமன்றத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்தார்கள். 1989 ஓகஸ்டில் எஃப்.பி.ஐ. அமைப்பின் உதவிப் பணிப்பாளர் ஒருவர் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். பாடலின் பெயரைக்கூட அவர் அதிற் குறிப்பிடவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் கொல்லப்பட்ட 78 பொலிஸாரின் கணக்கைக் குறிப்பிட்டிருந்தார். அக்கடிதம் செய்த விளம்பரத்தை எந்த நிறுவனமும் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

தமக்குரிய பங்குப்பணம் கிடைக்கவில்லை என்று 1989 முடிவில் கியூப் குழுவை விட்டு வெளியேறினார். நியூயோர்க் சென்று, பப்ளிக் எனிமி குழுவின் இசையமைப்பாளர்களான 'பொம் ஸ்குவாட்' துணையுடன் தமது முதலாவது தனி இசைத்தட்டை 1990 மே மாதம் வெளியிட்டார். அமெரிக்கா என்ற சொல்லின் நடுவே கூ கிளக்ஸ் கிளானின் மூன்றெழுத்துகளை நுழைத்துத் தலைப்பிட்ட தட்டு அது. அதிலே பெண்களைப் பற்றி அவர் பாடியவை, நான் பெண்மக்கள் இருக்கும் வீட்டில் ஒலிக்கவிட மாட்டாதவை. ஆயினும் ஒரு பாடலில் யோ-யோ என்ற இளம் பாடகியை அழைத்து, தமக்கு நேருக்கு நேராகப் பதிலடி கொடுக்க விட்டிருக்கிறார். அந்த ஒரு பாடல் மற்றவற்றுக்குப் பரிகாரமாகாது என்பது என் கருத்து. ஆனாலும் அந்தப் பெண் வாதத்தில் தோற்கவில்லை.

இனி, பட்டியலில் அவருக்கு இடம் தேடிக்கொடுத்த இசைத்தட்டுக்கு வருவோம். 1991 ஒக்டோபர் முடிவில் 'டெத் சேர்ட்டிபிக்கேட்', அதாவது மரணச் சான்றிதழ், வெளிவந்தது. அட்டையில் பிணவறைக் கட்டிலொன்று. அமெரிக்கக் கொடியால் மூடிய சடலத்தின் கால்விரலிற் கட்டிய துண்டில் 'அங்கிள் சாம்' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் கியூப் நிற்கிறார். உட்புறப் படத்தில் அவர் நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கத்தின் 'ஃபைனல் கோல்' பத்திரிகையை வாசித்துக்கொண்டிருக்கிறார். அவ்வியக்கத்தின் பேச்சாளர் காலித் முஹம்மதின் குரலும் தட்டில் ஒலிக்கிறது.

நேஷன் ஒஃப் இஸ்லாம் பற்றி நம் வாசகருக்குச் சிலவற்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும். 1930இல் டிட்ரொயிட் நகரில் தோன்றிய இவ்வியக்கம், அதன் நிறுவுநரான ஃபார்ட் என்பவரை மனித உருவில் வந்த இறைவன் என்றும், அவருக்குப் பின் தலைமையேற்ற எலிஜா முஹம்மதைத் தூதர் என்றும் போதித்தது. வெள்ளையர் பிறப்பாலேயே ஷைத்தான்கள் என்றும் சொன்னது. தவ்ஹீதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதித் தூதுத்துவத்தையும் ஏற்ற எவரும் இதை ஏற்க முடியாது. மல்கம் எக்ஸ் 1964இல் இயக்கத்தை விட்டு விலகி ஹஜ்ஜுக்குச் சென்றதும், அங்கே நீலக்கண் முஸ்லிம்களோடு ஒரே தட்டில் உண்டதும், அடுத்த ஆண்டு பெப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்டதும் நாமறிந்த வரலாறு. 1975இல் எலிஜாவின் மகன் வாரித் தீன் இயக்கத்தின் பெரும்பகுதியைப் பொதுவான சுன்னத் வல் ஜமாஅத் வழிக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளின் பின் லூயிஸ் ஃபராகான் பழைய இயக்கத்தைப் பழைய பெயரிலேயே மீண்டும் கட்டியெழுப்பினார். கியூப்பைக் கவர்ந்தது இந்த ஃபராகானின் அணிதான். அவர்கள் குடிக்கவில்லை, போதை விற்கவில்லை, ஒழுங்காக உடுத்தார்கள், பொலிஸுக்கு அஞ்சவில்லை. எரிந்துகொண்டிருந்த தெருவில் அது சிறிய காரியமன்று. அவ்வியக்கத்தின் கொள்கையை மறுக்கும் நாம் அதனை மறுக்கவேண்டியதில்லை.

மரணச் சான்றிதழ் இரு பக்கங்களாக அமைந்தது. முதலாவது 'மரணப் பக்கம்', நாம் இன்று நிற்கும் இடம். இரண்டாவது 'வாழ்வுப் பக்கம்', நாம் போகவேண்டிய இடம். கியூப்பே தொடக்கத்தில் இவ்வாறு பிரித்துச் சொல்கிறார். மரணப் பக்கத்தின் சிறந்த பாடல்களில் அவர் எவருக்கும் உபதேசம் செய்வதில்லை. ஒரு பாட்டில் ஓர் இளம் தகப்பன். கல்லூரிக்குப் பணமில்லை, கிடைத்த வேலையின் சம்பளம் பிள்ளையின் செலவுக்குப் போதவில்லை, ஆகவே போதை விற்கத் தொடங்குகிறான். பாட்டு நமக்கு அவனுடைய கணக்குவழக்கை மட்டும் காட்டுகிறது. இன்னொன்றில் சூடுபட்டவனொருவன் வைத்தியசாலையின் நெரிசலிற் காத்துக்கிடக்கிறான். வைத்தியருக்கு முன்னர் பொலிஸார் வந்து விசாரிக்கிறார்கள். அவன் இரத்தம் வடிந்துகொண்டே கதை சொல்கிறான். ஏழைகளின் அரசாங்க ஆஸ்பத்திரி பற்றி இத்தனை சிக்கனமாக எழுதப்பட்டதை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

தகராறு வாழ்வுப் பக்கத்தில்தான். அங்கேதான் 'பிளக் கொரியா' என்ற, ஒரு நிமிடத்துக்கும் குறைந்த பாட்டு இருக்கிறது. அதன் பின்னணியைச் சொல்கிறேன். 1991 மார்ச் 3இல் ரொட்னி கிங்கைப் பொலிஸார் அடித்தனர். ஒருவர் தம் வீட்டு மாடியிலிருந்து அதனைப் படம்பிடித்தார். பதின்மூன்று நாட்களின் பின், மார்ச் 16இல், லதாஷா ஹார்லின்ஸ் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமி சவுத் சென்ட்ரலில் ஒரு கொரியரின் கடைக்குத் தோடம்பழச்சாறு வாங்கப் போனாள். போத்தலின் விலை 1 டொலர் 79 சதம். அவள் திருடுகிறாள் என்று கடைக்காரப் பெண் நினைத்தார். இழுபறி நடந்தது. சிறுமி திரும்பிப் போகையில் பின்தலையிற் சுடப்பட்டாள். அவள் கையில் இரண்டு டொலர் இருந்தது. கொலைக்குற்றம் நிரூபிக்கப்பட்டும் நவம்பர் 15இல் நீதிபதி சிறைத்தண்டனை விதிக்கவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணிநேர சமூகசேவை, 500 டொலர் அபராதம் என்று முடித்துவிட்டார். பலர் நினைப்பதுபோல் கியூப்பின் பாட்டு அந்தத் தீர்ப்புக்கு எழுந்த பதிலன்று. தீர்ப்புக்கு ஏறக்குறைய இரு வாரங்களுக்கு முன்னரே அது கடைகளுக்கு வந்துவிட்டது.

பாட்டு என்ன சொல்கிறது? கடையில் தம் பின்னாலேயே திரிந்து உற்றுப்பார்க்கும் கொரிய வியாபாரிகளைப் பழிக்கிறது. மரியாதை தராவிட்டால் பகிஷ்கரிப்போம், அதுவும் போதாவிட்டால் கடையை எரிப்போம் என்று மிரட்டுகிறது. சுட்ட ஒருவரைப் பற்றியதாக அது இல்லை; ஓர் இனத்தாரின் கடைகள் அனைத்தையும் பற்றியதாக இருக்கிறது.

இதைக் கேட்கும்போது, வியாபாரச் சமூகமொன்றிற் பிறந்த எனக்கு வேறு கடைகள் நினைவுக்கு வருகின்றன. 1915இல் நம் முன்னோரின் கடைகளுக்குத் தீ வைத்தவர்களும், 2014 ஜூனில் அளுத்கமவிலும் 2018 மார்ச்சில் திகனவிலும் வைத்தவர்களும் தம் வறுமைக்கு முன்னால் தெரிந்த கடைக்காரனையே காரணம் என்று நம்பினார்கள். ஆகவே இப்பாட்டை நான் கறுப்பின இளைஞனின் காதால் மட்டும் கேட்க இயலாதவன். கல்லாவில் இருப்பவனின் காதாலும் கேட்கிறேன்.

அந்தக் கொரியர்கள் யார்? 1965இன் குடிவரவுச் சட்டத்தின் பின் அமெரிக்கா வந்தவர்கள். அதே ஆண்டில் நிகழ்ந்த வாட்ஸ் கலவரத்தை அடுத்து யூத வியாபாரிகள் கைவிட்டுப் போன கடைகளைப் பின்னர் வாங்கியவர்களுள் இவர்களும் அடங்குவர். பெரிய அங்காடிகள் அந்தப் பகுதிக்கு வர மறுத்தன. வங்கிகள் கறுப்பருக்குக் கடன் கொடுக்க மறுத்தன. இந்த இரண்டு மறுப்புகளுக்கும் நடுவே குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் இவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து, நாளொன்றுக்குப் பதினான்கு மணித்தியாலம் வியாபாரம் செய்தார்கள். பயந்து பயந்து, அவமதித்து அவமதித்துச் செய்தார்கள் என்பதும் உண்மை. வங்கியும் அங்காடியும் கியூப்பின் பாட்டிற்குள் வரவில்லை.

பாட்டு வெளிவந்ததும் 'பில்போர்ட்' வார இதழ் அதைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. தட்டில் இருந்த இன்னொரு பாட்டு, கியூப்பின் முன்னாள் முகாமையாளரை யூதர் என்பதற்காகவே பழித்தது. அதனால் சைமன் வீஸந்தால் நிலையமும் எதிர்ப்புத் தெரிவித்தது. இங்கிலாந்துப் பதிப்பில் இவ்விரு பாடல்களும் நீக்கப்பட்டன. இருந்தும் தட்டு அமெரிக்காவில் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது.

இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் கசப்பான பகுதி வேறு. அப்போது கியூப், 'சென்ட் ஐட்ஸ்' என்ற கடுமையான மோல்ட் மதுவின் விளம்பரத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஏழைக் கறுப்பர் குடியிருப்புகளைக் குறிவைத்து விற்கப்பட்ட பானம் அது. ஒரு கையில் மதுவைத் தடைசெய்யும் இயக்கத்தின் பத்திரிகை, மறுகையில் மதுப்போத்தல். கொரிய மளிகைக் கடைக்காரர் சங்கம் அந்த மதுவை விற்கமாட்டோம் என்று அறிவித்தது. கம்பனி விளம்பரத்தை நிறுத்தியது. 1992 பெப்ரவரியில் கியூப் சங்கத்தினருக்கு வருத்தம் தெரிவித்து, தாம் எல்லாக் கொரியரையும் சொல்லவில்லை, சில கடைகளையே சொன்னதாக விளக்கினார். அவரை இறங்கிவரச் செய்தது பேரேடும் கல்லாவும்தான். ஒரு ஹராமான பொருளின் மீது வைத்த பகிஷ்கரிப்பினாலேயே இவ்விரு தரப்பும் முதன்முதலாகப் பேசிக்கொள்ள நேர்ந்தது என்பதை என்னவென்று சொல்வது!

மூன்று மாதங்கள்கூடச் செல்லவில்லை. 1992 ஏப்ரல் 29இல் ரொட்னி கிங்கை அடித்த பொலிஸார் விடுதலையாக, நகரம் எரிந்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஏறக்குறைய 2,300 கொரியக் கடைகள் சேதமுற்றன. கடைகளைக் காக்கப்போன பதினெட்டு வயதுக் கொரிய இளைஞனொருவன் தன்னவர்களின் துப்பாக்கியாலேயே தவறுதலாகச் சுடப்பட்டு இறந்தான். பொலிஸ் வெள்ளையர் பகுதிகளைக் காத்துக்கொண்டு, கொரியரையும் கறுப்பரையும் ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு நின்றது. கியூப் தீர்க்கதரிசி, முன்னமே சொன்னார் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். அவர் தூண்டினார் என்று எதிரிகள் சொன்னார்கள். நான் இரண்டையும் ஏற்பதற்கில்லை. நெருப்பு, பாட்டுக்கு முந்தியது. ஆனால் அந்தப் பாட்டு வாழ்வுப் பக்கத்தில், போகவேண்டிய இடம் என்று குறித்த பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. மரணப் பக்கத்தில் வைத்திருந்தால் அதுவும் ஒரு சண்டியன் கூற்றாக, நோயின் அறிகுறிகளில் ஒன்றாக நின்றிருக்கும். தட்டு முழுவதிலும் நான் கண்ட மிகப்பெரிய பிழை இதுதான். கொள்கை வந்து சேர்ந்த இடத்தில் கதைசொல்லி எழுந்து போய்விட்டான்.

1992 நவம்பரில் வந்த 'த பிரெடேற்றர்', பில்போர்ட் பொதுப் பட்டியலிலும் கறுப்பிசைப் பட்டியலிலும் ஒருசேர முதலிடத்திற் புகுந்தது. கலவரத்தின் புகை அதில் எங்கும் உண்டு. ஆயினும் அதில் நின்று நிலைத்தது 'இட் வோஸ் அ குட் டே' என்ற அமைதியான பாட்டு. ஐஸ்லி பிரதர்ஸின் 1977ஆம் ஆண்டு மெட்டொன்றை எடுத்து அதன்மேல் அமைத்தது. ஒரு நாள் முழுதும் எதுவுமே நடக்கவில்லை என்பதுதான் அதன் கதை. காலையில் எழுந்து இறைவனுக்கு நன்றி சொல்கிறான். தாய் பன்றியிறைச்சி இல்லாத காலையுணவு தருகிறாள். பொலிஸ் கார் பார்த்தும் பாராமல் போய்விடுகிறது. தெரிந்தவர் எவரும் சாகவில்லை. துப்பாக்கியைத் தொடவேண்டி வரவில்லை. நம் வாசகருக்கு ஒவ்வாத வரிகள் இதிலும் உண்டு; மறைக்கவில்லை. ஆனால் இயக்கத்தின் பிரகடனங்கள் எல்லாம் ஓய்ந்த பின், அந்தத் தாயின் கோப்பையில் பன்றியிறைச்சி இல்லாதிருப்பது எனக்கு எந்தப் பட்டியலையும்விட நம்பத்தக்க சாட்சியமாகப் படுகிறது.

பிந்திய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1993இன் 'லீதல் இன்ஜெக்ஷன்' தளர்ச்சியான தட்டு. 1995 மார்ச்சில் ஈஸி-ஈ எயிட்ஸ் நோயால் மரணமானார். அதே ஆண்டு 'ஃபிரைடே' படத்தை எழுதி நடித்த கியூப், பின்னர் குழந்தைகளோடு பார்க்கத்தக்க சினிமாக்காரராகவே மாறினார். தட்டுகள் பின்னரும் வந்தன. அவற்றில் ஒன்றையேனும் நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. பழைய குழுவின் கதை 2015இல் படமாயிற்று. அதில் கியூப்பாக நடித்தவர் அவருடைய மகன். எஃப்.பி.ஐ. கண்டித்த அதே இசைத்தட்டை 2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்திற் சேர்த்துக்கொண்டது. யூதர் பற்றிய பழைய நோய் மட்டும் தீரவில்லை. 2020இலும் அவர் சமூக ஊடகத்தில் பகிர்ந்த படங்களுக்காகக் கண்டிக்கப்பட்டார்.

நண்பரின் கேள்விக்கு இனியாவது விடை சொல்லவேண்டும். நேஷன் ஒஃப் இஸ்லாத்தின் உறுப்பினராகத் தம்மைக் கியூப் சொல்லிக்கொண்டதில்லை. தாம் முஸ்லிம் என்றும், ஆனால் பள்ளிவாசல் வழக்கங்கள் தமக்கு இயல்பாக வருவதில்லை, தானும் இறைவனும் மட்டுமே என்றும் நேர்காணலொன்றிற் கூறியிருக்கிறார். உள்ளத்தை அறிபவன் அல்லாஹ். நாம் அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பெயர்தான் வேண்டுமென்றால், அதே குழுவிலிருந்த எம்.சி. ரென்னின் பெயரைத் தரலாம். 1993இல் நேஷனில் இருந்தபடி 'ஷொக் ஒஃப் த அவர்' என்ற தட்டை வெளியிட்ட அவர், பின்னர் அவ்வியக்கத்தை விட்டு சுன்னத் வல் ஜமாஅத் வழிக்கு வந்தவர். அவர் பட்டியலில் இல்லை. அவ்வளவு பிரபலமில்லை போலும்.

லதாஷாவின் பெயர் 'பிளக் கொரியா'வில் ஓரிடத்திலும் வருவதில்லை. 1993இல் டுபக் ஷகூர்தான் ஒரு பாட்டை அவளுக்கென்று பெயர் சொல்லிச் சமர்ப்பித்தார். கறுப்பினப் பெண்களைத் தலைநிமிரச் சொல்லும் பாட்டு அது. 2019இல் சோஃபியா நாஹ்லி அலிசன் அவளைப் பற்றிப் பத்தொன்பது நிமிட ஆவணப்படமொன்றை எடுத்தார். கடையின் கண்காணிப்புக் கமெரா பதிந்த காட்சியை உலகம் பலமுறை பார்த்துவிட்டது. அலிசன் தம் படத்தில் அதைச் சேர்க்கவில்லை. அவளுடைய மைத்துனியும் தோழியும் பேசுகிறார்கள். சட்டத்தரணியாக வர அவள் ஆசைப்பட்டாளாம்.